மறுத்துப் பேச ஆளில்லை

கழுத்தில் துணியைக் கட்டி, கன்னத்தில் நுரை பூசி, கத்தியில் புது பிளேடு மாட்டிய பிறகுதான் நூர் முகம்மது கேட்பார்: "அப்ப சொல்லு. உலகத்துலயே பெரிய ஆட்டக்காரன் ஆரு?" நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும். திறக்காவிட்டால் பிளேடு கன்னத்துக்கு ஒரு விரல் தள்ளி அந்தரத்தில் நிற்கும். பதில் வராமல் அங்கே சவரம் நடக்காது.

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்புறம் போகும் சந்தில் இருக்கிறது அவருடைய சலூன். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, தகரக் கூரை. மெலிந்த ஆள். சட்டைப் பையில் எப்போதும் மூன்று நாலு சீப்பு துருத்திக்கொண்டிருக்கும். பேச்சு சூடு பிடித்துவிட்டால் கிண்ணத்து நுரையை விரலால் தொட்டுக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக வைப்பார். இது கோல் கம்பம், இவன் தடுக்கிறவன், இவன் ஓடி வருகிறவன். வந்தவர் தன் முகத்தின் மேலேயே முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் வீட்டுக்குப் போவார்.

அந்த நாளில் அவர் கட்சி பெலே. பதினேழு வயதில் உலகக் கோப்பை வாங்கியவனுக்கு மேலே ஒருவன் உண்டா என்பார். மழையில் நனைந்த தோல் பந்து கருங்கல் மாதிரி கனக்கும், காலை ஒடிக்கிற மாதிரி உதைத்தாலும் அப்போது மஞ்சள் அட்டை கிடையாது, அந்தப் பந்திலும் அந்த உதையிலும் ஆடியவன் அவன் என்று அடுக்கிக்கொண்டே போவார். இரண்டாவது நாற்காலியில் வருகிறவர்களுக்கு முடிவெட்டியது அவருடைய மகன் ஷாஹிர். அவன் கட்சி மெஸ்ஸி. வளர மாட்டான் என்று சொன்ன பிள்ளை ஊசி போட்டுப் போட்டு வளர்ந்து உலகத்தையே ஆட்டி வைக்கிறான், அதற்கு ஈடு சொல்லுங்கள் என்பான். தகப்பனும் மகனும் முதுகுக்கு முதுகு காட்டி நின்று, ஒருவரை ஒருவர் கண்ணாடியில் பார்த்துத்தான் சண்டை போடுவார்கள்.

"அத்தா, அவரு ஆடுனத நீங்க பார்த்தீங்களா? கேட்ட கதைதானே."

"எடா, இன்னிக்கு சூரியன் உதிச்சத நீ பார்த்தியா? உறங்கித்தானே கெடந்தே. வெளிச்சம் வந்துச்சா இல்லையா?"

இதைக் கேட்பதற்காகவே பள்ளுருத்தியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து தலையைக் கொடுத்தவர்கள் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்த ஒச்சப்பன் மரடோனாவுக்காக எழுந்து நின்று கத்துவான், பாதி வெட்டிய தலையோடு. கிடங்கில் எழுத்து வேலை பார்க்கும் வெங்கிட்டு பெலேயையும் கிழிப்பார், மெஸ்ஸியையும் கிழிப்பார். தகப்பன் மகன் இரண்டு பேரையும் எதிர்த்துப் பேசுகிற ஆள் என்பதால், பேச்சு நீள அவருக்கு மட்டும் சாயா வரும்.

உலகக் கோப்பை வந்தால் கட்அவுட் வைப்பது அந்தப் பகுதியின் வழக்கம். அதில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. எதிர்க்கட்சியின் படம் தன் படத்தை விட உயரமாக நிற்கக் கூடாது. மெஸ்ஸி கோப்பை வாங்கினாரே, அந்த முறை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, மஞ்சள் சட்டை போட்ட பெலேயை மூங்கிலில் கட்டி சலூன் கூரை முகட்டில் ஏற்றிவிட்டார் நூர் முகம்மது. ஷாஹிர் தன் படத்தை அதற்கு மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. மூங்கில் எட்டவில்லை. இரும்புப் பைப்பு வாங்கி வந்தான். மழை விட்டும் விடாத காலை. ஏணியில் நின்றபடி பைப்பை நிமிர்த்தினான். மேலே போன மின்கம்பியை அது தொட்டது. அவனுக்கு இருபத்துமூன்று வயது.

அந்த வருஷம் கோப்பையை வென்றது அவனுடைய கட்சி. ஊரெல்லாம் வெடி வெடித்தது. இந்தச் சந்தில் மட்டும் ஒருவரும் திரி கொளுத்தவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாக வந்து உட்கார்ந்த ஒச்சப்பனுக்குத் துணி கட்டிவிட்டு, "மெஸ்ஸிக்கு மேல எவன்டா?" என்று கேட்டார் நூர் முகம்மது. "பெலேயா? அவரு ஆடுனத நீ பார்த்தியா?" என்றார் மேலும். குரல் மகனுடையது மாதிரியே இருந்தது. "பாய் சொன்னாச் சரிதேன்" என்றான் ஒச்சப்பன்.

அன்றிலிருந்து எல்லாருக்கும் அதுவே பதிலாகிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் வாதாடலாமா என்று ஊர் தனக்குள் தீர்மானித்துக்கொண்டது. அவர் எதைச் சொன்னாலும் தலைகள் ஆடின. "ஆட்டாதே தலைய, காது அறுந்துரும்" என்று சீறினால், ஆடாமல் சம்மதித்தார்கள். பெலே சட்டை போட்டுக்கொண்டு வந்த இளவட்டங்கள் கூட வாசலிலேயே அதன் மேல் வேறொன்றை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

நூர் முகம்மதுவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள். மகன் பக்கம் நின்று அவர் பேச, எதிரே நின்று அடிக்க ஒரு ஆள். அடி விழுந்தால்தானே பையனுக்காகத் திருப்பி அடிக்க முடியும். எல்லாரும் விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்க, ஷாஹிரின் வாதம் ஒவ்வொரு நாளும் இன்னொரு முறை மண்ணுக்குள் இறங்கியது. அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்றும் இருந்தது. இவ்வளவு மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் மனதுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதை ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

போன மாதம் வெங்கிட்டுவிடம் வேண்டுமென்றே உளறிப் பார்த்தார். பெலே ஒரு ஆட்டக்காரனே இல்லை, கோல் போட்டதெல்லாம் சப்பாணிகளுக்கு எதிரே என்றார். பழைய வெங்கிட்டுவாக இருந்தால் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்திருப்பார். இப்போது நுரைக்குள்ளிருந்து கண்ணை மட்டும் காட்டி, "அப்படியும் சொல்லலாமாக்கும் நூரு" என்றார். நூர் முகம்மது கத்தியை மடித்து வைத்தார். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். வெங்கிட்டு மிச்ச நுரையைத் துணியால் துடைத்து, ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் கிடங்குக்குப் போனார். அப்படிப் பாதியில் விட்டதற்கும் வெங்கிட்டு கோபித்துக்கொள்ளவில்லை.

இந்த வாரம் மறுபடி உலகக் கோப்பைக்கான கொடிகள் ஏறத் தொடங்கியிருக்கின்றன. இடப்பள்ளி வரைக்கும் போய் ஆளுயரப் படங்கள் அச்சடித்து வருகிறார்கள். பக்கத்துச் சந்துகளில் வானம் தெரியவில்லை. இந்தச் சந்தில் ஒரு துணி கூட இல்லை. யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. தானாகவே வைக்காமல் விட்டுவிட்டார்கள். வெறும் கம்பிகளும் காக்கையும் தெரியும் அந்த ஆகாயத்தை வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார் நூர் முகம்மது.

சலூனின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் அவர் மனைவி சுல்ஃபத் சோறு போட்டாள். மகன் போன பிறகு, வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மேல் அவரிடம் பேசுவதை அவள் விட்டிருந்தாள். பந்தாட்டம் என்றால் முதலிலிருந்தே அவளுக்கு ஆகாது. தலைக்கு மேல் பழைய மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல் அவர் தட்டைப் பார்த்துச் சொன்னார்: "மெஸ்ஸி மாதிரி ஒருத்தன் இனிப் பொறக்க மாட்டான்."

அவள் மீன் சட்டியில் அகப்பையை வைத்தாள்.

"தோல் பந்து நனைஞ்சா கருங்கல்லு மாதிரி. அந்தப் பந்துல ஆடுனவரு பெலே."

நூர் முகம்மது நிமிர்ந்தார். கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. இத்தனை வருஷமும் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மகனின் பதிலைத் தேடி எடுத்தார்.

"அவரு ஆடுனத நீ பார்த்தியா?"

"அதப் பார்க்கல." அவள் குரலை உயர்த்தவில்லை. "நம்ம கூரைல உங்க பெலே நின்னதப் பார்த்தேன். அதுக்கு மேல போகணும்னு எம்புள்ள பைப்பத் தூக்கிட்டுப் போனதப் பார்த்தேன். ஒரே ஒரு தடவ நீங்க விட்டுக்கொடுத்திருந்தா..."

அதற்கு மேல் அவள் உதடுகள் அசைந்தது மட்டும் தெரிந்தது. சொன்னதை விசிறியின் இரைச்சல் தின்றுவிட்டது.

நூர் முகம்மது எச்சில் படாத இடது கையைச் சுவர்ப் பக்கம் நீட்டி, விசிறியை நிறுத்தினார்.