மருந்தில்லாத ஊசியும் உள்ளே போகாத ஊசியும்

1. ஜீப் டிரைவரின் கழுத்து

எண்பதுகளின் தொடக்கத்தில் போடிநாயக்கனூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தேன். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லோருக்கும் நான் ‘சிஸ்டரம்மா’தான்.

எங்கள் டாக்டர் தங்கவேலுவுக்கு அப்போது பெரிய பெயர். கழுத்து வலி என்று வருபவர்களின் தோளையும் பிடரியையும் விரலால் தடவி, தசை முடிச்சிட்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். அதை டிரிகர் பாயின்ட் என்போம். அந்த இடத்தில் மருந்தே இல்லாத மெல்லிய ஊசியை இறக்குவார். தசை ஒரு துடி துடித்து இளகும். இதற்கு டிரை நீடிலிங் என்று பெயர். ஊரில் ‘மருந்தில்லா ஊசி’ என்றார்கள். ஏலத்தோட்டங்களிலிருந்து ஜீப் பிடித்து இதற்காகவே இறங்கி வருவார்கள்.

ஒருநாள் போடிமெட்டு ரோட்டில் ஜீப் ஓட்டும் டிரைவர் ஒருவர் வந்தார். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு திரும்பவே இல்லை. கொண்டை ஊசி வளைவில் திரும்பிப் பார்க்க முடியாதவர் எப்படி வண்டி ஓட்டுவார்? டாக்டர் சிறு பிளாஸ்டிக் குழாயைத் தோளில் வைத்து, அதன் வழியாக ஊசியைத் தட்டினார். ஊசி குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டது. தோலைக்கூடத் தாண்டவில்லை. வேறு ஊசி எடுக்க அவர் திரும்புவதற்குள் டிரைவர் எழுந்துவிட்டார்.

“விட்டுருச்சு டாக்டரய்யா. என்னா ஊசி இது” என்று கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

இன்னும் ஊசியே போடவில்லை என்று டாக்டர் சொன்னார். டிரைவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் கை கழுவும்போது டாக்டர் என்னிடம் கேட்டார்: “சிஸ்டர், இத்தனை வருசமா வலி நான் குத்திக் கொறஞ்சதா, இல்ல நான் குத்துறேன்னு நெனச்சுக் கொறஞ்சதா?”

எனக்குக் கோபம் வந்தது. நானும் அந்த ஊசியை நம்பியவள்.

2. பூக்கட்டிப் பார்த்தது

ஊசியைச் சோதித்துப் பார்ப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். பாதிப் பேருக்கு உண்மையான ஊசி. பாதிப் பேருக்கு முனை மழுங்கிய ஊசி. அது தோலைத் தட்டும், உள்ளே போகாது. இந்தப் பொய்ச் சிகிச்சையைத்தான் பிளாசிபோ என்கிறோம். யாருக்கு எது என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும். டாக்டர் மட்டும் பிரித்துப் பார்ப்பார். பக்கத்து அறையில் கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அளப்பது என் வேலை. எனக்கு எது என்று தெரியக் கூடாது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கழுத்துப் பயிற்சியை நானே சொல்லித்தர வேண்டும்.

ஆஸ்பத்திரியைக் கட்டியவர் ஊரின் ஏலக்காய் வியாபாரி. முதலாளி என்றே எல்லோரும் சொல்வோம். அவருக்கு இது பிடிக்கவில்லை.

“நல்லா ஓடுற வண்டிய எதுக்கு டாக்டரே அவுத்துப் பாக்குறீங்க? சனம் நம்பி வருது. வலி போகுது. அம்புட்டுத்தானே நம்ம சோலி?”

“நம்பி வர்றதுனாலதான் பாக்கணும்ங்குறேன்” என்றார் டாக்டர்.

கிட்டங்கி என்று ஊரில் சொல்லும் முதலாளியின் ஏலக்காய்க் கிடங்கில் பெண்கள் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக் குனிந்து ஏலக்காயைத் தரம் பிரிப்பார்கள். பெரும்பாலோருக்குக் கழுத்து வலி உண்டு. டாக்டர் அங்கேயே போய் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இரண்டு விதமான ஊசி இருக்கிறது, ஒன்று உள்ளே போகாது, யாருக்கு எது என்று கடைசியில்தான் சொல்வோம், சம்மதித்தால் வரலாம், இல்லாவிட்டால் வழக்கமான வைத்தியம் உண்டு.

ராசிங்காபுரத்திலிருந்து வேலைக்கு வரும் பேச்சியம்மாள்தான் முதலில் பேசினார். “கோயில்ல வெள்ளப் பூவும் செவப்புப் பூவும் கட்டிப் போட்டு எடுக்குறமே, அது மாதிரியா?”

“அதேதான் ஆத்தா.”

“அப்பச் சரி. நான் வர்றேன்.”

அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். வலி எவ்வளவு என்று கேட்டால் எண் சொல்லத் தயங்கினார்கள். முழுப் படியா, அரைப் படியா, உழக்கா என்று கேட்டேன். உடனே சொன்னார்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது டாக்டரின் மௌனம்தான். நோயாளியிடம் ஊர்க்கதை, மழை, பேரன் பேத்தி என்று பேசிக்கொண்டே குத்துகிறவர் அவர். பேச்சில் ஒரு கூட்டத்துக்கு அதிகமும் ஒரு கூட்டத்துக்குக் குறைவும் ஆகிவிடக் கூடாது என்று, எல்லோரிடமும் ஒரே நாலு வார்த்தையைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். தன் பெரிய பலத்தையே அவர் கட்டிப்போட்டார். பல மாதங்கள் அப்படியே இருந்தார்.

3. கிட்டங்கியில் சொன்னது

கடைசியில் டாக்டரின் கவர்ச் சீட்டுகளையும் என் அளவுகளையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தோம். ஊசி போட்ட அன்றைக்கு, உண்மையான ஊசிக் கூட்டத்தின் கழுத்து கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியிருந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு கூட்டமும் ஒன்றுபோல் தேறியிருந்தன. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

“இன்னும் கொஞ்சம் பேரைச் சேத்துப் பாக்கலாமே சார்” என்றேன்.

“நமக்குப் புடிச்ச பதில் வர்ற வரைக்கும் பாக்குறதா?” என்று கேட்டார். பிறகு, “வாங்க, அவங்ககிட்டச் சொல்லணும்” என்று கிளம்பினார்.

கிட்டங்கியில் முதலாளியும் இருந்தார். டாக்டர் உள்ளதை உள்ளபடி சொன்னார். பேச்சியம்மாள் எழுந்து நின்று, “எனக்குப் போட்டது எது?” என்றார்.

“உள்ள போகாத ஊசி ஆத்தா.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று.

“அப்ப என் வலி பொய்யா டாக்டரய்யா?”

டாக்டர் ஏலக்காய்த் தூசிக்குள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “உங்க வலி மெய்யி. கொறஞ்சதும் மெய்யி. என் ஊசியாலதான் கொறையுதுன்னு நான் நெனச்சேன் பாருங்க, அதுதான் தப்பு.”

“அப்ப எதுனால கொறஞ்சுச்சு?”

“சிஸ்டரம்மா சொன்னபடி கழுத்த ஆட்டுனீங்க, அதா இருக்கலாம். வலிக்குதான்னு ஒருத்தர் உக்காந்து கேட்டது, அதா இருக்கலாம். சில வலி தன்னாலயும் போகும். சத்தியமா எனக்கு முழுசாத் தெரியலை.”

“தெரியலைன்னு சொல்ற டாக்டர இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி, “பயிற்சியில அண்ணாந்து பாத்தா நல்லாருக்கு, ஆனா இங்க குனிஞ்சே கெடக்கோமே” என்றாள். டாக்டர் திரும்பி முதலாளியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்தது. மலையிலிருந்து வந்தவர்களில் சிலர் வேறு ஊர் தேடிப் போனார்கள். முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஒங்க டாக்டர் தன் வாயாலயே கெடுத்துக்கிட்டாரு” என்பார். ஆனால் மழைக்காலம் முடியும் முன் கிட்டங்கியில் மேசைபோல் உயரமான பலகைகளும் பெஞ்சுகளும் வந்தன. பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து, முறத்தைப் பலகைமேல் வைத்துப் பிரிக்கத் தொடங்கினார்கள். நடுவில் எழுந்து கழுத்தை அசைக்கவும் நேரம் கிடைத்தது.

பிறகு ஒருநாள் முதலாளியே கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். “எல்லாந் தெரிஞ்சுதான் வர்றேன். இன்னைக்கு ஏலக்காய் ஏலத்துக்குப் போகணும். வெரசாக் குத்தி விடுங்க” என்றார்.

“இன்னைக்குக் கொஞ்சம் இளகும். மத்தது பயிற்சியிலதான்” என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் ஊசியை எடுத்தார். அதற்குப் பின் யாருக்குப் போட்டாலும் அதைச் சொல்லாமல் போட்டதில்லை.

அப்புறம் நான் பல ஊர்களில், பல மிஷின்களோடு வேலை பார்த்துவிட்டேன். கைராசிக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். தன் கைராசியைத் தானே தராசில் வைத்து, எடை குறைந்ததை ஊர் கேட்கச் சொன்னவர் ஒருவரைத்தான் பார்த்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நோயாளி ‘நல்லாருக்கு’ என்றால் மனமாரச் சந்தோஷப்படுங்கள். அது உங்களால்தான் என்று மட்டும் அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள்.