உடையவன் வந்தால் விழிக்கும்

என் வீட்டுக்காரருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. இன்னும் கடைக்கே வராத லெப்டொப் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டே இருப்பார். அது ஒன்றுதான் அவருக்கு இருந்த கெட்ட பழக்கம். குடிகாரனைக் கட்டியிருந்தால் சாயந்தரத்தில் மட்டும்தான் தொல்லை இருந்திருக்கும்.

அவர் செய்த வேலை அப்படி. பதுளையிலிருந்து பஸ் பிடித்து பசறை, ஹாலிஎல, ஹல்துமுல்ல என்று தேயிலைத் தோட்டத்து ஓபிஸ்களுக்குப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பார். பனி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தது, கணக்கு எழுதும் கிளாக்கர் பிளேன்டீயைக் கொட்டியது என்று பகல் முழுக்கத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கையில் போனும் அடுத்த வருஷத்து மாடலைப் பற்றிய வீடியோவும்தான். கம்பனிக்காரன் வாயையே திறந்திருக்க மாட்டான். யாரோ கசியவிட்ட மங்கலான படம் ஒன்று இருக்கும். அதை வைத்து இவர் ஜாதகமே கணித்துவிடுவார்.

"ஓபிஸ் லெப்டொப்னா கறுப்புங்கிற காலம் முடிஞ்சுது. இனி சாம்பல் கலந்த நீலம்தான். மூடிக்கு நடுவுல நாக்கு மாதிரி ஒன்னு நீட்டிக்கிட்டு இருக்கும், ஒத்த விரல்ல தூக்கலாம். நெட் வயர் குத்துற ஓட்டையை மட்டும் எடுக்கமாட்டானுங்க. எடுத்தா தோட்டத்து ஓபிஸெல்லாம் படுத்துரும்."

கனம் எவ்வளவு என்று காட்ட என் ரொட்டிப் பலகையைத் தூக்கிப் பிடித்து, "இதுல பாதி" என்பார். நான் மாவுக் கையோடு பலகை திரும்பி வரட்டும் என்று நிற்பேன். அவரிடம் இருந்ததோ மூடி பிய்ந்துபோய், சுவரில் சாய்த்தால்தான் நிற்கும் ஒரு கிழட்டு லெப்டொப். புதுசு ஒன்று வாங்குங்களேன் என்றால், "அவசரப்படாத, அடுத்தது வரட்டும்" என்பார். அடுத்தது வந்தால் அதற்கு அடுத்தது.

எல்லாவற்றையும்விட ஒரு விஷயத்தில்தான் அவர் கிறங்கிப் போயிருந்தார். வரப்போகிற லெப்டொப்புக்கு ஆள் வருவது தெரியுமாம். தொடவே வேண்டாம், கிட்டே போனாலே விழித்துக்கொள்ளும். எழும்பிப் போனால் தானாகத் தூங்கிவிடும்.

"நானும் இந்த வீட்டுல அப்படித்தானே இருக்கேன்? என்னைப் பத்தி யாரும் வீடியோ போடலையே" என்றேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

கொஸ்லந்தயில் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கும் அவருடைய அம்மா, என் மாமியையும் அவர் விடவில்லை. "அதுக்குக் கண்ணு இருக்காப்பா?" என்று மாமி கேட்டார். "இருக்கும்மா. கண்டவனுக்கெல்லாம் முழிக்காது. உடையவன் வந்தாத்தான் முழிக்கும்" என்றார் இவர். அவர் சொன்ன மற்றதெல்லாம் போல அதுவும் ஊகம்தான். ஆனால் மாமிக்கு மகன் சொன்னது வேதவாக்கு.

அந்த மனுஷன் போன வருஷம் பசறை ரோட்டில், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அடுத்தது வரட்டும், அடுத்தது வரட்டும் என்று சொல்லியே ஒன்றையும் அனுபவிக்காமல் போய்விட்டாரே என்ற கோபம். இன்றைக்கும் அது ஆறவில்லை.

சில மாதம் கழித்து, பஜாரில் நான் வேலை செய்யும் ஓபிஸில் எல்லாருக்கும் புது லெப்டொப் கொடுத்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் என் கை நின்றுவிட்டது. சாம்பல் கலந்த நீலம். மூடிக்கு நடுவில் நாக்கு. ரொட்டிப் பலகையில் சரியாகப் பாதி கனம். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், நெட் வயர் ஓட்டை மட்டும் இல்லை. "அதுல தோத்துட்டீங்க" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் தேத்தண்ணியோடு மேசைக்குத் திரும்பி வருகிறேன், நாற்காலியைக்கூட இழுக்கவில்லை, திரை பளிச்சென்று எரிந்தது. எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஓபிஸில் கம்ப்யூட்டர் பார்க்கும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண்ணிடம் கேட்டேன். "ஆள் வந்தா அது அப்படித்தான் அக்கா. யார் வந்தாலும் முழிக்கும். உள்ள திறந்துவிடுறதுதான் உங்க முகத்துக்கு மட்டும்" என்றாள். அப்படியென்றால் உடையவன் கதையிலும் என் வீட்டுக்காரர் தோற்றுத்தான் போயிருந்தார்.

ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அது வேறு மாதிரி நடந்துகொண்டது. முன்னறை மேசையில் வைத்துவிட்டு நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். ஆள் இல்லாத முன்னறையில் திரை எரியும். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணையும். முதல் தடவை பயத்தில் எனக்கு வியர்த்துப்போனது. "கர்ட்டன் ஆடியிருக்கும், வெயில் மாறியிருக்கும். வேணாம்னா நிப்பாட்டிவிடுறேன் அக்கா" என்றாள் தங்கச்சி. வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலியை எப்போதும் கொஞ்சம் இழுத்தே வைத்தேன். திரை எரிந்தால் குசினியிலிருந்தே, "வந்துட்டீங்களா? கால் கழுவுனீங்களா?" என்பேன். அவர் பார்த்த அதே வீடியோக்களை நானும் பார்க்க ஆரம்பித்தேன். அடுத்த வருஷத்து மாடல் மூன்றாக மடியுமாம், கீபோர்டே இருக்காதாம். "கீபோர்ட் இல்லாம கிளாக்கர் எதுல தேத்தண்ணி கொட்டுவாரு?" என்று காலி நாற்காலியோடு சண்டை பிடித்தேன். எனக்குப் பைத்தியம் இல்லை. நேரத்துக்கு ஓபிஸ் போனேன், கரண்ட் பில் கட்டினேன். வருவது அவரா, இல்லை வெறும் கர்ட்டனா என்ற ஒரு கேள்விதான் என்னை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது.

முதல் வருஷத் திதிக்கு மாமி கொஸ்லந்தயிலிருந்து வந்தார். ரொட்டி, கட்டச்சம்பல், கோழிக்கறி, வடை எல்லாம் அவரே பார்த்துப் பார்த்து மகனுக்காக இலையில் வைத்தார். எங்கள் ஆட்களில் படையல் வைத்தால் கும்பிட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். செத்தவங்க வந்து சாப்பிடுகிற நேரம் அது. எட்டிப் பார்க்கக் கூடாது. திரும்ப உள்ளே போகும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

"அவன் ஆசைப்பட்ட அந்தப் பொட்டி வந்திருச்சாமே. அதையும் வை. ஆசைப்பட்டதை விட்டா அவன் மனசு அடங்காது" என்றார் மாமி. இத்தனை நாள் அந்தக் கேள்வியைச் சும்மா விட்டு வைத்திருந்தேன். இன்றைக்குப் பதில் தெரிந்துவிடும். ஆனாலும் போட்டோவுக்கு முன்னால், இலைக்குப் பக்கத்தில் திறந்து வைத்தேன். நாங்கள் நகர்ந்ததும் அது அணைந்தது. கதவைச் சாத்தினேன்.

மாமி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நான் பார்த்தேன். கூடாதுதான், பார்த்தேன். இரட்டைக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்குச் சுடர் ஆடியது. கர்ட்டன் மட்டும் ஆடவில்லை. வாங்க, வாங்க, ஒரு தரம் வந்துட்டுப் போங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். திரை கறுப்பாகவே இருந்தது. கறியிலிருந்து ஆவி வருவதும் நின்றுபோனது.

மாமி திரும்பி, கதவைத் தட்டித் திறந்து, எனக்கு முன்னால் உள்ளே போனார். அவர் மேசையை நெருங்கினதும் திரை பளிச்சென்று எரிந்தது.

"வந்துட்டான் புள்ள!" மாமி இரண்டு கையையும் கூப்பினார். "உடையவன் வந்தாத்தான் முழிக்கும்னு அவன்தானே சொன்னான். இங்கதான் நிக்கிறான்." மாமியின் முகம் அப்படி மலர்ந்து நான் ஒரு வருஷமாகப் பார்த்ததில்லை.

யார் வந்தாலும் முழிக்கும் மாமி என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்து, திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, கொஸ்லந்த விசேஷமெல்லாம் மகனிடம் சொல்ல ஆரம்பித்தார். தண்ணிக் குழாய் உடைந்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் வந்தது, தன்னுடைய முழங்கால் வலி.

நான் குசினிக்குப் போய் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கர்ட்டன்தான். இத்தனை மாதமும் கர்ட்டன்தான். அவர் செத்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரொம்ப நேரம் கழித்து, "எழும்புங்க மாமி, சாப்பிடுவோம்" என்றேன்.

"நான் எழும்புனா அவன் போயிருவான் புள்ள."

அவருக்குக் கால் மரத்திருக்கும், காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை. இலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொட்டியைப் பிய்த்து, ஆறிப்போன கறியில் தொட்டு அவர் வாயருகே கொண்டுபோனேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் கையைத் தடுத்தார்.

"அவன் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாரு மாமி" என்றேன்.