சிவப்புப் புள்ளி வைத்த வீடு

கல்யாணத்துக்கு முன், ஐம்பதுகளின் கடைசியில், மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஜவ்வாது மலையிலிருந்து வலிப்பு என்று டோலி கட்டித் தூக்கிவரும் நோயாளிகள் அதிகமாகிக்கொண்டே போனதால், எங்கள் டாக்டர் மலைக்கு ஒரு வரைபடம் போடத் தீர்மானித்தார். பன்றி வளர்க்கும் ஊருக்குக் கறுப்பு வட்டம், வலிப்பு வந்த வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி. யார் வயிற்றில் நாடாப்புழு இருக்கிறது என்று பார்க்க மலம் சேகரிக்க வேண்டும். பெண்கள் ஆண்களிடம் கொடுக்க மாட்டார்கள் என்று என்னையும் கூட்டிப்போனார். நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் அங்கே எல்லோருக்கும் நர்ஸம்மாதான்.

புதூர்நாட்டைத் தாண்டி நடந்துபோன ஒரு சிற்றூரில் அந்த வீடு இருந்தது. ஓர் இளைஞன், அவன் மனைவி, புருஷனை இழந்து தம்பியோடு வந்து தங்கிவிட்ட அக்கா. மனைவிக்குக் கல்யாணமான மறுவருஷமே வலிப்பு. காட்டேரி என்று சொல்லி நெற்றியில் சூடு போட்டிருந்தார்கள். டாக்டர் அவள் கையைத் தடவிவிட்டு என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோலுக்கடியில் அரிசி மாதிரி சிறுசிறு கட்டிகள் நழுவின. பன்றியிடமிருந்து வரும் நாடாப்புழுவின் கட்டி, மூளையிலும் இதேதான் இருக்கும் என்றார்.

"அவ பன்னியே தின்னமாட்டாளே," என்றாள் அக்கா. "பொறந்த வூட்லயும் பழக்கமில்ல."

சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவர் வயிற்றில்தான் புழு வளரும். ஆனால் அதன் முட்டை அவர் மலத்தோடு வந்து, கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ இன்னொருவர் சோற்றில் சேர்ந்தால் இப்படிக் கட்டியாகும் என்று டாக்டர் விளக்கினார். வீட்டில் எல்லோருடைய மலத்தையும் வாங்கிக்கொண்டு, வலிப்புக்கு மாத்திரையும் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. பாதை அறுந்துபோய் நாங்கள் மறுபடி ஏறுவதற்குள் மாத்திரை தீர்ந்து, அந்தப் பெண் செத்துப்போயிருந்தாள். தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் வலிப்பு வந்திருக்கிறது. கணுக்கால் அளவு ஓடையில் குப்புறக் கிடந்தாளாம்.

அக்காவின் மலத்தில் புழு முட்டை இருந்ததை அதற்குள் நான் பார்த்திருந்தேன். மருந்து கொடுக்காவிட்டால் இன்னும் பலருக்குப் பரவும். டாக்டர் கொடுத்தார்; ஒன்றும் கேட்காமல் குடித்தாள். மறுநாள் வெளியே வந்ததை ஒரு பழஞ்சட்டியில் இலை மூடிக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு என்னிடம் மட்டும் கேட்டாள்.

"எங் கையாலதான நர்ஸம்மா அவளுக்குக் களி உருட்டிப் போட்டேன்?"

இருக்கலாம், ஓடைத் தண்ணீராகவும் இருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அது உண்மைதான்.

"தண்ணி எல்லாருந்தான் குடிக்கிறோம்," என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை. "கைய கழுவிட்டு நீயே கிண்டுக்கா. நான் துன்றேன்," என்று தம்பி கூப்பிட்டுப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவனே கிண்டினான். மாவு வேகவில்லை. டாக்டரும் நானும் அதையே தின்றோம்.

வரைபடம் முடிந்தது. கக்கூஸ் கட்டவும், பன்றிகளைப் பட்டியில் அடைக்கவும் உதவி கேட்டு டாக்டர் அதை மேலிடத்துக்கு அனுப்பினார். பதிலே இல்லை. அவருக்கு மாற்றல் வந்தது. ஆனால் எங்களுக்குச் சுமை தூக்கி வந்தவர்கள் மூலம் எந்தெந்த வீட்டுக்குப் புள்ளி என்பது மலை முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த கோடையில் அந்த அக்கா ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடி வந்தாள். தம்பிக்கு மறுபடி பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் புள்ளி வைத்த வீடு என்று திருப்பி அனுப்பினார்களாம்.

"எம் பூச்சிதான் போய்டுச்சே. அந்தப் புள்ளிய அழிச்சிடுங்க," என்றாள்.

படம் மெட்ராஸுக்குப் போய்விட்டது, இங்கே இல்லை என்றேன். எழுதிக் கேட்கலாமா என்றாள். எழுதினேன். அதற்கும் பதில் வரவில்லை. தம்பி குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவில்லை என்றும், அவள் தனியாகச் சாமை விதைத்துச் சாப்பிடுகிறாள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.