எட்டாம் இலக்க லைனும் கலாவதி ரீச்சரின் கையும்

கலாவதி ரீச்சர் தூண்டில் ரொட்டைத் துணிப்பையோடு கொண்டுவந்து கண்ணாடி மேசையில் வைத்தார்.

"இத வித்துத் தாங்க அண்ணன். என்ன விலைக்கெண்டாலும் குடுங்க. எனக்கு இது சரிவராது."

உடனே வெளியே போய்விட்டார். அவருடைய கணவர் மட்டும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இப்ப பள்ளிக்கூடத்தில போர்ட்டில எழுதவும் இடது கையத்தான் தூக்கிறாவாம். பிள்ளையள் சிரிக்குதுகளாம். டொக்டர் சொன்ன எக்ஸர்சைஸும் விட்டுட்டா."

நான் மட்டக்களப்பு நகரில் மீன்பிடிச் சாமான் கடையொன்றில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவன். வலை, கயிறு, எஞ்சின் சாமான் எல்லாம் விற்போம். பிளை ரொட், பிளை லைன் என்று இந்த வெளிநாட்டுத் தூண்டில் சாமான் என்றால் வாடிக்கையாளரை என்னிடம்தான் அனுப்புவார்கள். வாவியில் கொடுவா மீன் பிடிக்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்குப் படகு ஓட்டியபோது அவர்களிடம் வீசக் கற்றுக்கொண்டவன் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன்.

விற்ற கதை

ரீச்சர் முதன்முதலில் கடைக்கு வந்தது அதற்கு மூன்று மாதம் முந்தி. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். அதற்கு முந்திய வருடம் மார்பில் சத்திரசிகிச்சை செய்து, வலது கக்கத்திலும் வெட்டியிருந்தார்கள். கை தோளுக்கு மேலே போகாது. நோர்வேயில் இருக்கும் தங்கை ஒரு ரொட்டும் ரீலும் அனுப்பியிருந்தார்.

"அங்க இப்பிடி ஒப்பரேசன் செஞ்ச பொம்பிளயள் இத வீசிப் பழகுறாங்களாம். கை இளகுமாம். டொக்டரும் மெல்ல மெல்லச் செய்யுங்க எண்டவர். லைன் மட்டும் இல்ல அண்ணன். விலை குறைஞ்சதாப் பாருங்க. சம்பளம் மருந்துக்கே போகுது."

ரொட்டில் எட்டு என்று இலக்கம் போட்டிருந்தது. இதை ஒருமுறை விளக்கிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் பாரம் லைனை இழுத்துக்கொண்டு போகும். பிளை என்பது இறகும் நூலும் கட்டிய தூண்டில் முள். அதற்குப் பாரமே கிடையாது. அதனால் லைனையே தடிப்பாக, பாரமாகச் செய்கிறார்கள். லைனின் பாரம் ரொட்டை வளைக்கும், வளைந்த ரொட் நிமிரும்போது லைன் பறக்கும். இலக்கம் அந்தப் பாரத்தைத்தான் குறிக்கும், எட்டாம் இலக்க ரொட்டுக்கு எட்டாம் இலக்க லைன்தான் வேண்டும்.

கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி பெட்டியில்லாமல் பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்த லைன்கள் கடையில் கிடந்தன. "எல்லாம் எட்டு" என்று சொல்லித்தான் தந்திருந்தார். விலையும் தோது. ஒன்றை எடுத்து ரீலில் சுற்றிக் கொடுத்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வாவிக்கரையில் நின்று, என் ரொட்டில் வீசிக் காட்டி நானே பழக்கினேன். லைன் அவருடைய காலடியிலேயே குவிந்தது. ரொட் வளையவில்லை. வளையாத ரொட்டை அவர் தோளால் தள்ளினார். மூன்றாவது ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் நான் சொன்னேன். "ரீச்சர், சாமானில பிழையில்ல. உங்கட கைக்கு இன்னும் பெலன் வரல்ல. கொஞ்ச நாள் விட்டுப் பாப்பம்."

அவர் தன் வலது கையை ஒருதரம் பார்த்தார். பிறகு லைனைச் சுற்றினார். நான் பக்குவமாகச் சொன்னதாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நகைக்கடைத் தராசு

விற்கக் கொடுத்த சாமானைச் சோதிக்காமல் மேசையில் வைக்கக்கூடாது என்பது எங்கள் முதலாளியின் கட்டளை. அவர் காத்தான்குடிக்காரர், எல்லோருக்கும் ஹாஜியார். எனவே ரீச்சர் போன அன்று பின்னேரமே ரொட்டை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போனேன்.

பதினொரு வருடமாக வீசுகிற என் கைக்கும் லைன் போகவில்லை. இருபது அடியில் விழுந்தது. பலத்தைக் கூட்டினேன், தோள் நொந்தது. கடைக்கு ஓடிவந்து, என்னுடைய சொந்த லைனை அதே ரொட்டில் மாட்டித் திரும்பப் போய் வீசினேன். கண்டல் மரங்களின் வேர்வரைக்கும் போய் விழுந்தது.

கரையிலேயே குந்திவிட்டேன். ரொட்டில் பிழையில்லை. கையிலும் பிழையில்லை.

அடுத்த நாள் இரண்டு லைனையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஒழுங்கையிலுள்ள நகைக்கடைக்குப் போனேன். லைனின் முன்பக்கம் முப்பது அடியை நிறுத்தால் இலக்கம் தெரிந்துவிடும். எட்டாம் இலக்கம் பதின்மூன்றரை கிராமளவில் நிற்கவேண்டும். நகைக்கடை செல்வராசா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னகா, தூண்டில் கயித்த அடகு வைக்கவா வந்த?"

"நிறுத்துத் தாங்க, பிறகு சொல்றன்."

முப்பது அடியை அளந்து வளையமாகச் சுற்றித் தட்டில் வைத்தோம். மிச்ச லைனை நான் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். என் லைன் சரியாக நின்றது. ரீச்சருக்கு விற்ற லைன் பத்து கிராம் சொச்சம்.

"ஒண்டேகால் பவுன்தான் வருது" என்றார் செல்வராசா. "எவ்வளவு வரணும்?"

"ஒண்டே முக்காலுக்குக் கிட்ட."

"அப்ப உனக்கு ஆரோ நல்லாக் குறைச்சுத் தந்திட்டான்."

அது ஆறாம் இலக்க லைன். நான் கடைக்குப் போய் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வியாபாரிக்கு அடிக்கப் போனை எடுத்தேன். அவர் தடுத்தார்.

"அவனோட பிறகு பேசலாம். மொதல்ல ரீச்சர்ட ஊட்டுக்குப் போ. அவன் சொன்ன இலக்கம் பிழை. ஆனா கை ஏலாதெண்டு சொன்னது நீதானே?"

வெயிலில் வைத்த லைன்கள்

வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. கொழும்பிலுள்ள வேறொரு கடையிலிருந்து மூன்று லைன் தருவித்தேன். மூன்றையும் நிறுத்துப் பார்த்தோம். ஒன்று பாரம் குறைவு, ஒதுக்கினேன். மற்ற இரண்டும் சரி. அதில் ஒன்று விலை கூடியது, பெட்டியில் பனிமலைப் படம். மற்றது பெயரே கேள்விப்படாத ஒன்று, சாம்பல் நிறம், பாதி விலைகூட இல்லை.

இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டு வாவித்தண்ணீர் ஊற்றி மத்தியான வெயிலில் வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் பனிமலை லைன் அவித்த நூடில்ஸ் போல் துவண்டு விரலில் ஒட்டியது. குளிர்நாட்டுத் தண்ணீருக்குச் செய்தது அது. எங்கள் சூட்டில் ரொட்டின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு போகாது. சாம்பல் லைன் விறைப்பாக, வழுவழுப்பாகவே இருந்தது. அதை எடுத்தேன். லைனின் நுனியையும் முள்ளையும் இணைக்கும் மெல்லிய பகுதியைக் கடையிலிருந்த நைலோன் துண்டுகளில் நானே முடிந்தேன்.

நான் வீட்டுக்குப் போனபோது ரீச்சர் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். ஆறாம் இலக்கம், பத்து கிராம், என் கைக்கும் போகவில்லை, எல்லாம்.

அவர் சிவப்புப் பேனையை மூடி வைத்தார்.

"லைன நிறுத்துப் பாக்க எவ்வளவு நேரம் போச்சு அண்ணன்?"

"அஞ்சு நிமிசம், ரீச்சர்."

"ஒரு சோதனையும் செய்யாம முடிவ எழுதிட்டீங்க. நானும் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், கேள்வி கேக்காம நம்பிட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "பிழை என்னிலதான், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன். அவர் கொப்பிகளை அடுக்கி ஒதுக்கி வைத்தார். கடைசியில், "ஞாயிறு வாறன். மூண்டு தரம் மட்டும் வீசுவன்" என்றார்.

ஞாயிறு

வாவியில் காற்றில்லை. முதல் வீச்சில் பழைய பழக்கத்தில் தோளால் தள்ளினார், லைன் சுருண்டு விழுந்தது. "தள்ளாதீங்க ரீச்சர். பின்னுக்குப் போன லைன் இழுக்கும். அது வரைக்கும் பொறுங்க" என்றேன். இரண்டாவதில் ரொட் வளைந்ததை அவரே உணர்ந்து திரும்பிப் பார்த்தார். மூன்றாவதில் கை தோளுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. லைன் பின்னால் விரிந்து, முன்னால் வந்து, நாற்பது அடிக்குத் தண்ணீர்மேல் நேராகப் படுத்தது.

அவர் நாலாவது தரமும் வீசினார். பிறகு நான் எண்ணவில்லை.

மீன் ஒன்றும் படவில்லை. வெயில் ஏறியதும் ரொட்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, வலது முழங்கையை இடது கையால் பிடித்தபடி என்னிடம் சொன்னார்:

"ரெண்டு மாசமா இந்தக் கையோட நான் கோவம் அண்ணன்."

இன்றைக்கு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. விலை குறைந்த லைன் விற்பது பிழையில்லை, நல்லதும் உண்டு. நிறுத்துப் பாருங்கள். வெயிலில் வைத்துப் பாருங்கள். நீங்களே ஒருதரம் வீசிப் பாருங்கள். வாங்க வந்தவரின் கையைப் பற்றி வாய் திறப்பது அதற்கெல்லாம் பிறகு.