முன்னோடியின் பங்கு

பினாங்கில் ஓநாய் கிடையாது. குரங்கு உண்டு, உடும்பு உண்டு, சூலியா ஸ்ட்ரீட் மூலையில் போவோர் வருவோரையெல்லாம் பார்த்துக் குரைத்துத் தள்ளும் சொறிநாய்கள் உண்டு. ஆனாலும் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஓநாய்க் கூட்டம் ஒன்று குடியிருந்தது. அதில் கடைசி ஓநாய் நான்தான். இந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை, என் நானா யூசுப் கொடுத்தது. நாகூரிலிருந்து வந்த எங்களுக்கு அண்ணன் என்றால் நானா. நான் அவருடைய தங்கை ருக்கையா.

நானாவின் மனைவி ஹபீபா பீவி எனக்கு மச்சி. அவளைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்தேன். மச்சி நல்ல உயரம். சிரித்தால் கீழே கடையில் சாக்குத் தைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மீன் ஆணம் மட்டும் அவள் கைக்கு வரவே வராது. புளி கூடிப்போகும், இல்லாவிட்டால் மீன் கரைந்துபோகும். மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடை ஒன்றுக்குக் கைலி ஓரம் தைத்துக் கொடுப்பாள். துறைமுக வேலை முடிந்து நானா மரக்கட்டை மிதியடியோடு டொக்கு டொக்கென்று படியேறும் சத்தம் கேட்டால் போதும், ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை பிறந்து அது பள்ளிக்கூடம் போகிற வயசும் வந்துவிட்டது, இன்னும் என்ன புதுப்பெண் மாதிரி என்று முணுமுணுப்பேன். அவள் காதில் விழும். சிரிப்பாள்.

ஓநாய் எங்கள் வீட்டுக்கு வந்த கதை இது. சண்டைக்கு முந்தி ஒரு சர்க்கஸ் கடற்கரைத் திடலில் கூடாரம் போட்டது. நாங்கள் எல்லோரும் போனோம். ஒரு கூண்டில் ஓநாய் என்று ஒன்றைக் காட்டினார்கள். விலா எலும்பு தெரிய, யாரையும் பார்க்காமல் மூலையில் கிடந்தது. நானாவின் மகள் சலேஹா கூண்டை விட்டு நகர மாட்டேன் என்றாள்.

"வாப்பா, இதுக்கு வீட்டுல யாரும் இல்லையா?"

"ஏன் இல்ல? பெரிய கூட்டமே இருக்கு. இது திரும்பி வரும்னு இதோட எடத்தை அப்படியே காலியா விட்டு வச்சிருக்காங்க."

பிள்ளை அழாமல் இருக்கச் சொன்ன பேச்சு அது. ஆனால் அவள் விடவில்லை. அந்தக் கூட்டத்தில் யார் யார், என்ன செய்வார்கள் என்று தினமும் நச்சரித்தாள். நானாவும் தினமும் ஒன்று சேர்த்துக்கொண்டே போனார். கூட்டத்துக்கு முன்னால் நடந்து வழி போடுகிறவர் முன்னோடி. அவருக்கு அடுத்தது துணை. காற்றில் வருகிற ஆபத்தை முதலில் அறிகிறவள் மோப்பக்காரி. எல்லோருக்கும் கடைசியில் நடப்பது கடைசி ஓநாய். அதை யார் வேண்டுமானாலும் சீண்டலாம், ஆனால் கூட்டம் சோர்ந்துபோனால் விளையாட்டைத் தொடங்கிச் சிரிக்க வைக்க வேண்டியதும் அதுதான். வீட்டில் யார் முன்னோடி, யார் துணை, யார் மோப்பக்காரி என்று சொல்லவே வேண்டாம். மிச்சமிருந்தது எனக்கு.

சாப்பாடு எங்கள் வீட்டில் சஹனில்தான். ஒரே பெரிய தட்டில் சோற்றைப் பரப்பி வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அவரவர் கைக்கு முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது. எங்கள் ஆட்களுக்குச் சின்ன வயதிலேயே ஊட்டி வளர்க்கிற ஒழுக்கம் இது. நானாவின் வலப்பக்கம் மச்சி, இடப்பக்கம் சலேஹா, எதிரே படிக்கட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான். நானா பிஸ்மி சொல்லி முதல் கவளம் எடுத்த பிறகுதான் நாங்கள் தொடுவோம். இது ஓநாய்ச் சட்டத்தோடு அப்படியே பொருந்திப்போனதில் சலேஹாவுக்கு நாங்கள் ஓநாய்தான் என்பதில் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

சட்டங்களில் முக்கியமானவை இவை. போன ஓநாயின் பங்கை யாரும் தொடக்கூடாது. பொழுது சாயும்போது எல்லோரும் ஊளையிட வேண்டும், தூரத்தில் இருப்பது அந்தக் குரலைக் கேட்டு வழி கண்டு வரும். சட்டத்தை முன்னோடி மட்டும்தான் மாற்றலாம். முன்னோடி இறந்துபோனால் துணை தனியாக நின்று ஊளையிட்டுவிட்டு அவருடைய இடத்தில் உட்காரும்.

இதையெல்லாம் சொல்லும்போது நானா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்கும் சிரிப்புதான்.

பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான், ஊரைப் பிடித்தான். அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு வந்தது. நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒரு நாள், துறைமுகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆட்களை வழியிலேயே லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடப் போகிறார்களாம், மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவார்களாம். தப்பி ஓடி வந்த ஒருவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். லாரி ஏறும்போது நானாவின் காலிலிருந்து கழன்று விழுந்த மிதியடிகளையும் அவர் எடுத்து வந்திருந்தார். மச்சி அவற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை சஹனைச் சுற்றி நாங்கள் மூவரும்தான். சலேஹா நானாவின் பக்கத்தைக் காட்டி, "வாப்பா பங்கை வைங்கம்மா" என்றாள். மச்சி வைத்தாள். ஊளையிடவும் வேண்டுமாம். ஜன்னலில் நின்று ஊளையிட்டால் பக்கத்து வீட்டுச் சீனத்தி சுவரைத் தட்டுவாள், தெருவில் காவல் நிற்கிற ஜப்பான்காரன் ஏறி வருவான். நான்தான் வழி சொன்னேன், கடைசி ஓநாயின் கடமை அல்லவா? பின்கட்டில் பெரிய தண்ணீர்த் தாழி இருந்தது. அதன் வாயில் முகத்தை வைத்து ஊளையிட்டால் சத்தம் உள்ளேயே சுற்றும். மூன்று தலையும் முட்டிக்கொள்ள நாங்கள் ஊளையிட்டோம். நானும் சலேஹாவும் சிரித்துவிட்டோம். மச்சி தலையைத் தூக்கியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. தண்ணீர் தெறித்துவிட்டது என்றாள். தாழியில் பாதிக்குக் கீழேதான் தண்ணீர் இருந்தது.

மூன்று மாதம் போனது, ஆறு மாதம் போனது. ஒருநாள் நான் அடுப்படியில் இருக்கும்போது டொக்கு டொக்கென்று மிதியடிச் சத்தம். நானா என்று அலறிக்கொண்டு ஓடினேன். மச்சி அவருடைய மிதியடியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏன் மச்சி இப்படி உயிரை வாங்குற?" என்று கத்தினேன்.

"வீட்டுல அந்தச் சத்தம் இல்லாம இருக்க முடியல ருக்கையா" என்றாள். "ஒரு தடவை கேட்டுக்கறேன். திட்டாத."

எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சலெல்லாம் அன்றோடு போனது. அவர் எனக்கு அண்ணன்தானே. நானும் அந்தச் சத்தத்துக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன், ஆனால் அதற்கு வழி கண்டுபிடித்தவள் அவள்.

நானாவின் பங்கை மச்சி வீணாக்கவில்லை. இரவு மூடி வைத்து, காலையில் கரைத்துக் கஞ்சியாக்கிச் சலேஹாவுக்குக் கொடுத்துவிடுவாள். ஒரு நாள் பிள்ளை சீக்கிரம் எழுந்து வந்து பார்த்துவிட்டாள். "வாப்பா பங்கையா எனக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டவள் அன்றோடு காலைக் கஞ்சியை நிறுத்தினாள். யாரும் தொடக்கூடாதென்று அவள் காவல் இருக்க, பங்கு பின்சந்துக் கோழிகளுக்குப் போக ஆரம்பித்தது. கிழங்கும் குறையக் குறைய, முன்னோடியின் பங்குதான் பெரியதாக இருக்க வேண்டும் என்று சலேஹா தன் பக்கத்திலிருந்து விரலால் அங்கே தள்ளிவிடுவாள். நாங்கள் எங்களுடையதைக் கொடுத்தால் வாங்க மாட்டாள். அடுத்தவர் பக்கத்தில் கை வைக்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே நாங்கள்தானே, இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வது? கெஞ்சினோம், நான் முதுகில் இரண்டு வைக்கவும் செய்தேன். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பிள்ளைக்குக் கால் வீங்கியது. அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற பக்கத்துத் தெரு டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, "மருந்து ஒண்ணும் இல்லம்மா. சாப்பிட வைங்க. இப்படியே விட்டா பிள்ளை தங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கியதும் நான் மச்சியிடம் போனேன். "சட்டத்தை முன்னோடிதானே மாத்தணும்? நீ அவர் எடத்துல உக்காரு. நான்தான் முன்னோடி, சாப்பிடுன்னு ஒரு வார்த்தை சொல்லு. முடிஞ்சுபோச்சு."

"உக்காந்தா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"கதைதானே மச்சி!"

"கதைதான்" என்றாள் அவள். "ஆனா நான் அங்க உக்காந்தா அவர் மௌத்தாயிட்டாருன்னு நானே சொன்னதா ஆகும். ஊரே சொல்லட்டும் ருக்கையா. நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லாத வரைக்கும் அவர் எங்கேயோ இருக்காரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்குப் புருஷன் வேணுமா, பிள்ளை வேணுமா?" என்று கேட்டேன். அவள் போய்க் கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள்.

மாலையில் சஹனை வைத்தோம். சலேஹாவைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். சலேஹா வழக்கம்போல் தன் பக்கத்துக் கிழங்கை நானாவின் பக்கம் தள்ளினாள். அப்போது கூடத்தில் மிதியடிச் சத்தம் கேட்டது. மச்சி அதைப் போட்டுக்கொண்டு வந்தாள், சஹன் அருகே கழற்றி வைத்தாள், நேராகப் போய் நானாவின் இடத்தில் உட்கார்ந்தாள்.

சலேஹா வாயைப் பிளந்து பார்த்தாள். "அது வாப்பா எடம்."

"இனிமே நான்தான் முன்னோடி."

"அப்ப வாப்பா...?" பிள்ளையின் உதடு துடித்தது. "நீங்க தனியா ஊளையிடலையே. அதுக்கப்புறம்தானே உக்காரணும்?"

மச்சி மிதியடியைச் சுவரோரம் நகர்த்தினாள். "அதை அப்புறம் செய்வேன்" என்றாள். "இப்ப சட்டத்தை மாத்தறேன், கேட்டுக்க. காலி எடத்துல இனிமே சோறு வைக்கக்கூடாது. எடம் மட்டும் இருக்கும். நான் உக்காந்திருந்த எடம் காலியாத்தான் இருக்கும், யார் வரணுமோ அவங்க வந்து உக்காரலாம். இங்க இருக்கறது இருக்கறவங்களுக்கு." பிறகு சத்தமாகப் பிஸ்மி சொன்னாள். நானாவின் பங்கிலிருந்து முதல் கவளத்தை எடுத்தாள். விழுங்கினாள். மிச்சத்தை இரண்டு கையாலும் அள்ளிச் சலேஹாவின் முன் வைத்தாள். "முன்னோடி சொல்றேன். சாப்பிடு."

சலேஹா அழுதுகொண்டே சாப்பிட்டாள். முன்னோடி சொன்னால் கேட்டாக வேண்டுமே.

பிள்ளை மெல்ல மெல்லத் தேறினாள். அன்றிலிருந்து மச்சி சிரித்து நான் கேட்கவில்லை. மிதியடியையும் தொடவில்லை. ஒவ்வொரு மாலையும் எங்களோடு சேர்ந்து தாழியில் ஊளையிட்டாள், ஆனால் தனியாக ஊளையிடவே இல்லை. அந்த ஒன்றை மட்டும் அவள் பாக்கி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். மச்சி நாள் தவறாமல் படகுத்துறைக்குப் போய் நின்றாள். சலேஹாவையும் கூட்டிப்போக மாட்டாள், என்னையும் வர விடமாட்டாள். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் படியேறும் சத்தம் கேட்டது. மூவரும் அப்படியே உறைந்துபோனோம். வந்தவர் வேறு ஆள். சுங்கை பாக்காப்பில் மளிகைக் கடையில் வேலை பார்த்தவராம், பெயர் அப்துல் ரசாக். வயசு இருபத்தைந்துகூட இருக்காது, பல் பாதி போயிருந்தது.

"யூசுப் அண்ணன் வீடுதானே அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மேற்கொண்டு அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மச்சிதான் முதலில் பேசினாள். "சாப்பிட்டுட்டுப் பேசலாம் தம்பி. உக்காருங்க."

காலியாக இருந்த பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். சஹனைப் பார்த்தவர் கையை வைக்கவில்லை. தோள் குலுங்க அழுதார்.

"இந்தத் தட்டா அக்கா இது? அண்ணன் இதைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாரு. கேம்புல அவருக்குக் குடுக்கற சோத்தை, தகரத் தட்டுல விரலால கோடு போட்டுப் பிரிப்பாரு. வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம். அதெல்லாம் வீட்டு ஆளுங்க பங்கு, நான் தொடக்கூடாதும்பாரு. பைத்தியமான்னு திட்டுவோம். சிரிச்சுக்கிட்டே அந்தப் பங்கையெல்லாம் காய்ச்சல்ல கெடக்கறவங்களுக்கு ஊட்டிவிட்டுருவாரு. நான் மாசக்கணக்குல கெடந்தேன். எனக்குக் குடுத்தது எப்பவும் வலப்பக்கம் இருந்தது. அதைத் தின்னுதான் நான் பொழைச்சேன். அவர்தான்..."

அது என்றைக்கு என்று நான் கேட்டேன். மழைக்காலம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. மச்சி என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

பிறகு தன் முன்னால் இருந்த சோற்றை அவர் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க தம்பி" என்றாள். "அது என் பங்குதான். நீங்க சாப்பிட்டதுல எனக்குச் சந்தோஷம்."

அவர் சாப்பிட ஆரம்பித்ததும் எழுந்தாள். மூலையில் கிடந்த மிதியடியைப் போட்டுக்கொண்டாள். பின்கட்டுத் தாழிக்குப் போவாள் என்று நினைத்தேன். சலேஹாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், கூடவே போக எழுந்தவளை நான் பிடித்துக்கொண்டேன். இது தனியாகச் செய்ய வேண்டியது என்று அவளுக்கும் தெரியும், உட்கார்ந்துவிட்டாள்.

மச்சி டொக்கு டொக்கென்று நடந்து தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் போனாள், இரண்டு கதவையும் திறந்தாள், பட்டப்பகலில் சூலியா ஸ்ட்ரீட் முழுக்கக் கேட்கும்படி ஊளையிட்டாள். பக்கத்து வீட்டுச் சீனத்தி சுவரைத் தட்டவில்லை.