இலவச பஸ்ஸில் போன சனிக்கிழமைகள்

கர்நாடகத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம் என்று ஆன நாளிலிருந்து எனக்குத் தோள்பட்டை வலி. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஸ்கூலில் கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் என் கணவர் இல்லை, சிரிக்கலாம்.

முதல் வாரம் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பெங்களூரில் எங்கள் வீடு இருக்கும் ஜீவனஹள்ளியிலிருந்து அல்சூரில் இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்கு தினமும் பஸ். கண்டக்டர் ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு, பூஜ்யம் அச்சடித்த டிக்கெட்டை நீட்டுவார். மாதக் கடைசியில் பர்ஸில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

என் கணவர் பொம்மசந்திராவில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே அவருடைய வேலையே வீணாவதைக் குறைப்பதுதான். எந்த மெஷின் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, எந்த ஆள் எத்தனை தடவை வீணாக நடக்கிறான் என்று பார்த்துப் பார்த்துக் குறைப்பார். கம்பெனியில் அதற்குக் கைதட்டல், சான்றிதழ் எல்லாம் கிடைக்கும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வரலாமே, மாட்டார். வீடும் அவருக்கு ஒரு தொழிற்சாலைதான். அதில் இருக்கிற ஒரே மெஷின் நான்.

பற்பசைக் குழாயை நடுவில் வெட்டி வழித்துத் தேய்ப்பது, தண்ணீர் ஃபில்டர் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வீடு துடைப்பது, இதெல்லாம் எல்லார் வீட்டிலும் உண்டு. நானும் செய்வேன். ஆனால் குக்கரை இரண்டாவது விசிலில் அணைத்துவிட்டு, மீதியை உள்ளே இருக்கிற ஆவி பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவரை என்ன செய்வது? ஆவி பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் முழுக்க நாங்கள் முக்கால் வெந்த துவரம்பருப்பைச் சாப்பிட்டோம். எனக்கு வயிறு உப்பியது. அவர் அதையும் வாயு மாத்திரை வாங்காமல் ஓமத்தில் முடித்தார்.

பஸ் இலவசம் என்று தெரிந்ததும் மனிதர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"உனக்குத்தான் பஸ் ஃப்ரீ ஆச்சே! காக்ஸ் டவுன் மார்க்கெட்ல எதுக்கு ஜாஸ்தி குடுத்து வாங்கணும்? வெங்காயம் யஷ்வந்த்பூர் மண்டியில வாங்கு. காய் சிட்டி மார்க்கெட்ல வாங்கு. பக்கத்துல போனா என்ன, தூரத்துல போனா என்ன, உனக்கு ரெண்டும் ஒரே ரேட்டு தானே?"

"நீங்களும் வாங்க, சேர்ந்து தூக்கலாம்" என்றேன்.

"எனக்கு டிக்கெட் ஆகுமே!"

அவர் முகத்தில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அன்று முதல் சனிக்கிழமை மத்தியானங்கள் என்னுடையவை இல்லை. பள்ளிக்கூடம் அரை நாளில் முடியும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு நைலான் பைகளோடு கிளம்புவேன். ஜன்னலோரத்தில் ஒரு கூடைக்காரம்மா, நடுவில் நான், கால்களுக்கு நடுவே வெங்காயம். ஆண்கள் நிற்க இடமில்லாமல் முணுமுணுப்பார்கள். "ஃப்ரீ அந்தா சும்னே ஓடாடுத்தாரே" என்று ஒருவர் ஒருநாள் என் காது படச் சொன்னார். இலவசம் என்பதற்காக வெட்டியாகச் சுற்றுகிறார்களாம். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய் என் கணவர் முன்னால் உட்கார வைக்கத் தோன்றியது. சுற்றுவது யார் ஆசைக்கு என்று அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது போன டிசம்பரில்.

எங்கள் சர்ச்சில் நான் பல வருஷங்களாக கொயரில் பாடுகிறேன். ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல். கீழ்க்குரலின் தலையெழுத்து என்னவென்றால், சரியாகப் பாடினால் யாருக்கும் கேட்காது. தப்பாகப் பாடினால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு அந்த வருஷம் கேரல் ஆராதனையில் ஒரு கீர்த்தனையின் நடுவே இரண்டு அடிகள் தனியாகப் பாடக் கிடைத்தன. குழந்தை தூங்குகிறது, குளிரே மெதுவாகப் போ என்று தாய் கேட்கிற இடம். ஆர்கன்கூட நின்றுவிடும். என் குரல் மட்டும்.

சப்பாத்தி தேய்க்கும்போது பாடினேன். குளிக்கும்போது பாடினேன். பிள்ளைகளின் நோட்டுத் திருத்தும்போது முணுமுணுத்து, மூன்றாம் வகுப்பு முழுக்க அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டது. ஆசை என்று ஒன்று இந்த வயதிலும் அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. இந்த விஷயத்தில் என் கணவரைக் குறை சொல்ல முடியாது. ஓசூரில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டு, "இந்தத் தடவை இவ தனியா பாடறாக்கா, கண்டிப்பா வந்துடு" என்று சொன்னார். அதுவும் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே.

ஒத்திகை சனிக்கிழமை ஐந்து மணிக்கு. மார்க்கெட் வேலையால் நான் ஏற்கனவே தாமதமாக வந்துகொண்டிருந்தேன். கொயரை நடத்துபவர் ரிடையரான பேங்க் மேனேஜர், கண்டிப்பான அம்மா. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வர்ற சனிக்கிழமை கடைசி ரிகர்சல். அஞ்சு மணிக்கு நீ இங்க நிக்கலேன்னா அந்த லைனை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். மனசுல வச்சுக்காதம்மா, எனக்கு வேற வழி இல்ல."

அந்த சனிக்கிழமைதான் கிறிஸ்மஸ் பலகாரமான கல்கல் செய்ய மைதாவும் சர்க்கரையும் எண்ணெய் டின்னும் வாங்கவேண்டிய நாளாக அமைந்தது. "பக்கத்துக் கடையில வாங்கிக்கறேன், இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க" என்றேன்.

"அஞ்சு மணிக்குத் தானே பாட்டு? ஒண்ணரைக்குக் கிளம்பினா நாலரைக்கு வந்துடலாம். கிறிஸ்மஸ் சாமான், மொத்தமா வாங்கினா எவ்ளோ மிச்சமாகும் தெரியுமா!" என்றார். தாளில் எழுதிக்கூடக் காட்டினார். கிளம்பும் நேரம், சேரும் நேரம் எல்லாம் இருந்தது. பெங்களூர் மட்டும் அதில் இல்லை.

சிட்டி மார்க்கெட்டில் சாமான் வாங்கி முடித்தபோது மணி மூன்றரைதான். ஸ்டாப்பில் வந்து நின்றேன். முதல் பஸ் படிக்கட்டு வரை ஆட்களோடு வந்து, நிற்காமலே போனது. இரண்டாவதில் என்னால் ஏற முடிந்தது, எண்ணெய் டின்னால் முடியவில்லை. இறங்கிவிட்டேன். மூன்றாவதாக நீல நிற ஏசி பஸ் வந்தது. எங்கள் பக்கம் போகிற பஸ். பாதி சீட்டு காலி. டிரைவர் கதவைத் திறந்து, "பன்னி மேடம், காலி இதே" என்று, வாருங்கள், இடம் இருக்கிறது என்று கூப்பிட்டார்.

ஏசி பஸ்ஸில் இலவசம் கிடையாது. டிக்கெட் வாங்கவேண்டும். பர்ஸில் பணம் இருந்தது. என் சம்பளப் பணம், நானே சம்பாதித்தது. கால் ஒரு அடி முன்னால் போனது. பிறகு என் வாய், என்னைக் கேட்காமல், "பேடா, நெக்ஸ்ட் பரத்தே" என்றது. வேண்டாம், அடுத்தது வரும். கதவு மூடிக்கொண்டது. அந்தக் குளிர்ந்த காற்று ஒரு நொடி முகத்தில் பட்டதுகூட நினைவிருக்கிறது.

அடுத்தது எப்போது வந்தது என்று கேட்காதீர்கள். ஆட்டோவுக்கும் கை தூக்கவில்லை. இவ்வளவு நேரம் நின்றாயிற்று, இப்போது போய் ஆட்டோவுக்குக் கொடுப்பானேன் என்று தோன்றியது. யோசித்துப் பாருங்கள், அது என் புத்தியா? என் கணவரின் புத்தி என் தலைக்குள் வாடகை கொடுக்காமல் குடிவந்திருந்தது.

பைகளோடு நேராக சர்ச் ஹாலுக்குப் போனேன். படி ஏறும்போதே கேட்டது. ஆர்கன் நின்றது. குளிரே மெதுவாகப் போ என்று ஒரு பெண் பாடினாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற, புதிதாகச் சேர்ந்த பெண். நன்றாகவே பாடினாள், அதுதான் இன்னும் எரிச்சல். கொயர் அம்மா என்னையும் எண்ணெய் டின்னையும் பார்த்தார். பின் வரிசையைக் கையால் காட்டினார்.

வீட்டில் என் கணவர் கைத்தராசோடு காத்திருந்தார். மைதாவை நிறுத்து, எடை சரியாக இருந்ததில் மகிழ்ந்து, "சூப்பர்! பாத்தியா, எவ்ளோ மிச்சம்!" என்றார். நான் சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே தொழிற்சாலைக் கதையை ஆரம்பித்தார். மெட்டீரியல் வராமல் ஒரு ஆள் மெஷின் முன்னால் சும்மா நின்றானாம்.

"ஒரு ஆளு வெயிட் பண்ணிட்டு நிக்கறதுதான் இருக்கறதுலயே பெரிய வேஸ்ட். அந்த டைம் திரும்ப வருமா? மேனேஜர்க்கே புரியல!"

கரண்டியைக் கீழே வைத்தேன். "நான் ஸ்டாப்ல நின்ன டைம்?"

"எந்த டைம்?"

"இன்னிக்கு சிட்டி மார்க்கெட் ஸ்டாப்ல நின்னேனே. அது வேஸ்ட் இல்லையா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். "அது வேறம்மா. அவனுக்கு கம்பெனி சம்பளம் குடுக்குது. உன் டைமுக்கு யாரு காசு குடுக்கறாங்க?"

ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னார். அப்பளம் வேண்டும் என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அடிகள் போய்விட்டன என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.

கல்கல் மட்டும் செய்தேன். பல்லுக்குக் கொஞ்சம் கடினமாகவே வந்தது.

கேரல் ஆராதனை அன்று சாயங்காலம் அவர் முன்னதாகவே போய் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்திருந்தார். பக்கத்தில் ஓசூர் அக்கா, பட்டுப்புடவையில். கொயர் எழுந்து நின்றதும், நான் பின் வரிசையில் இருப்பதைப் பார்த்து இவர் கழுத்தை நீட்டினார். கீர்த்தனை தொடங்கியதும் மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வீடியோ எடுத்தால் இடம் தீர்ந்துவிடும் என்று சொல்கிற மனிதர், அன்றைக்கு முதல் அடியிலிருந்தே எடுத்தார்.

ஆர்கன் நின்றது. முன் வரிசையிலிருந்து அந்தப் பெண் ஒரு அடி எடுத்துவைத்தாள். பாடினாள். என் கணவரின் கை தூக்கியபடியே இருந்தது. அவர் கண் மட்டும் மொபைலை விட்டு என்னிடம் வந்தது. பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை. அக்காதான் பிடித்து இறக்கினார்.

வெளியே வந்ததும் அக்கா, நாங்கள் நிற்கும் நிலையைப் பார்த்து, தெரிந்தவர்களோடு பேசப் போய்விட்டார். பிறகு அவர்களோடே காரில் ஓசூருக்குக் கிளம்பிவிட்டார்.

"என்ன ஆச்சு? உன் குரலே கேக்கலையே" என்றார் இவர்.

"என் குரலா? அது இன்னும் சிட்டி மார்க்கெட் ஸ்டாப்ல நிக்குது. எண்ணெய் டின்னோட. ஃப்ரீ பஸ் வரட்டும்னு."

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தத் தாளையும் மைதாவையும் ரசத்தையும் ஒவ்வொன்றாக அவர் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, அந்த ரெண்டு லைனுக்கு யாரு காசு குடுப்பாங்கன்னு கேட்டிருப்பீங்க."

அவர் ரோட்டில் இறங்கி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். சர்ச்சிலிருந்து எங்கள் வீடு நடந்தே போகிற தூரம். யாராவது அதற்கு ஆட்டோ பிடிப்பார்களா? செலவழிக்கவேண்டிய இடத்தில் செலவழிக்காமல், வேண்டாத இடத்தில் கொட்டுகிறாரே என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் ஏறி உட்கார்ந்தேன். பட்டுப்புடவை, குதிகால் செருப்பு.

ஆட்டோ கிளம்பியதும் நான் பாட ஆரம்பித்தேன். அவருக்காக இல்லை, மன்னித்தும் விடவில்லை. அந்த இரண்டு அடிகளும் என் தொண்டையில் ஒரு மாதமாக இருந்தன, எங்கேயாவது இறக்கியாகவேண்டும். வாய்விட்டே பாடினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். என் கணவர் மொபைலை எடுத்தார், பிறகு என்ன நினைத்தாரோ, சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

எங்கள் தெருமுனை வந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. அவர் முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தட்டினார்.

"நில்ஸ்பேடி சார். இன்னொந்து ரவுண்டு ஹோகி. நிதானவாகி" என்றார்.

நிறுத்தவேண்டாம், இன்னொரு சுற்று போங்கள், மெதுவாக. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.