வள்ளத்தில பிடிச்ச முதல் சண்டை

நுளம்புக்குப் பூசுற எண்ணெய் மணம், வெயிலில காஞ்ச சேத்து மணம், வள்ளத்து மோட்டரின்ர பெற்றோல் மணம்... இதில ஒண்டு மூக்கில பட்டாலே எனக்கு இப்பவும் பிரேசில்தான். போன கிழமை ஏரிக்கரையில லீவுக்கு எடுத்த கொட்டேஜில ஆரோ நுளம்பு ஸ்பிறே அடிக்க, நான் கையில பிளேற்றோட அப்பிடியே நிண்டிட்டன்.

தொண்ணூறுகளின்ர கடைசி அது. நான் கலியாணம் கட்டி ஸ்காபரோவுக்கு வந்து ஒரு வருசமும் ஆகேல்லை. ரெண்டு பெட்றூம் அபார்ட்மென்ற். ஒரு அறையில இவரின்ர அண்ணை, அவற்ர மனுசி (நான் அக்கா எண்டுதான் கூப்பிடுறது), ரெண்டு பிள்ளையள். மற்ற அறையில நாங்கள். அண்ணைதான் இவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர். அதால அண்ணை சொன்னால் இவருக்கு மறுபேச்சில்லை.

அவை நல்ல சனம், குறை சொல்லேலாது. ஆனால் எங்கட அறையில நான் இருமினால், பக்கத்து அறையில இருந்து அக்கா "சுடுதண்ணி குடியும்" எண்டுவா. அப்ப பாருங்கோவன், புதுசாக் கட்டினதுகள் என்னத்தைக் கதைக்கிறது!

இவர் நைற் ஷிஃப்ற். விடிய வேலையால வந்து, லைப்ரரியில எடுத்த மிருகங்களின்ர வீடியோக் கசெற்றைப் போடுவார். பிள்ளையள் நித்திரை எண்டு சத்தத்தை முழுக்கக் குறைச்சிடுவார். நானும் தேத்தண்ணியோட பக்கத்தில இருப்பன். ரீவியும் கதைக்காது, மனுசனும் கதைக்காது.

எங்களுக்கெண்டு ஒரு சின்ன இடம் எடுத்துப் போவம் எண்டு கேக்கவேணும்... கேட்டால் பக்கத்து அறைக்கும் கேட்டிடும். உண்மையாச் சொன்னால், காலம் முழுக்க இந்த ஊமைக் கோட்டானோடதானோ எண்டு பாத்றூமில தண்ணியைத் திறந்து விட்டிட்டு அழுதிருக்கிறன்.

இவருக்கு இருந்தது ஒரே ஆசை. கசெற்றில வாற ஜாகுவாரை நேரில பாக்கவேணும். சிறுத்தை மாதிரிப் புள்ளி, ஆனால் உடம்பு இன்னும் தடிப்பு. லீவு கிடைச்ச உடன பிரேசிலுக்கு ரிக்கெற் போட்டிட்டார். பன்ரனால் எண்டு ஒரு பெரிய சதுப்பு நிலம். அண்ணை தலையில கையை வைச்சிட்டார். காசு குடுத்து நுளம்புக்கடி வாங்கப் போறியளோ எண்டு கேட்டவர். அக்கா பாவம், கன நாள் கிடந்தாலும் பழுதாகாத பருத்தித்துறை வடை சுட்டு ஒரு பை நிறையத் தந்து விட்டவா.

முதுகில பாக், காலில சேறு... கட்டில் இல்லை, ரெண்டு மரத்துக்கு நடுவில கட்டின ஹமக்தான். ஏணையில போட்ட பிள்ளை மாதிரிச் சுருண்டு கிடந்தன். வள்ளத்தில போனால் ரெண்டு கரையிலயும் முதலையள் விறகு அடுக்கின மாதிரிக் கிடக்கும். பண்டி அளவில ஒரு எலி இருக்கு, கப்பிபாரா எண்டு பேர். குடும்பத்தோட வந்து நிண்டு எங்களைப் புதினம் பாக்கும். நீலக் கிளியள் சோடி சோடியாப் பறக்கும். எல்லாம் கண்டம். ஜாகுவாரை மட்டும் காணேல்லை.

கடைசி நாள். கைட் ஒரு வளைவில மோட்டரை நிப்பாட்டிப்போட்டு, சத்தம் போடக்கூடாது எண்டு விரலை வாயில வைச்சுக் காட்டினவர். இவர் கரையைப் பாத்தபடி. நான் இவரைப் பாத்தபடி. அப்பதான் எனக்கு உறைச்சுது... இந்த வள்ளத்தில எங்கட கதை விளங்குற ஒரு சீவனும் இல்லை!

மெல்லமாத்தான் தொடங்கினன். தனிய வீடு எடுப்பமோ எண்டு. அண்ணைக்கு எந்த முகத்தோட சொல்லுறது எண்டார். அப்ப நீங்கள் அண்ணையையே கட்டியிருக்கலாம் எண்டன். நான் ஒண்டு சொல்ல, அவர் ஒண்டு சொல்ல... ஒரு வருசத்துக் கதை எல்லாம் வந்து கொட்டுது. கைட் "ஷ்ஷ்" எண்டுறார், ஆர் கேக்கிறது! கடைசியா இந்த மனுசன் கத்தினார் பாருங்கோ ஒரு கத்து:

"எனக்கு மட்டும் ஆசையில்லை எண்டோ நினைக்கிறீர்?"

அவருக்கு அப்பிடி ஒரு குரல் இருக்கெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

மரத்தில இருந்த குருவியெல்லாம் எழும்பிப் பறந்திட்டுது. கைட் துள்ளி எழும்பிக் கையைக் காட்டினார். புல்லுக்குள்ள ஒரு புள்ளி முதுகும் வாலும்... அவ்வளவுதான். இவர் திரும்பேக்க புல்லு மட்டும்தான் ஆடிக்கொண்டு நிண்டுது. கைட் தன்ர பாஷையில என்னவோ சொன்னவர். நல்ல வார்த்தையா இருந்திருக்காது.

எனக்கு ஆத்துக்குள்ள குதிக்கலாம் போல இருந்தது. மனுசன்ர ஒரே ஆசை. இவர் கனநேரம் அந்தப் புல்லையே பாத்துக்கொண்டிருந்தார். பிறகு என்ர பக்கம் திரும்பினார்.

"அது போகட்டும். போன உடன வீடு பாப்பம்."

நான் அழ, இவர் சிரிக்க, கைட் எங்களைக் கைவிட்டிட்டு மோட்டரை ஸ்ராட் பண்ணிட்டார். வழி முழுக்க வடையைக் கடிச்சுக்கொண்டு ஒரே கதை. கைட்டுக்கும் குடுத்தம். உறைப்பில கண்ணால தண்ணி வர வர, திரும்பவும் கையை நீட்டினார்.

ரொறொன்ரோ வந்து ரெண்டு பில்டிங் தள்ளி ஒரு பெட்றூம் இருக்கிற வீடு எடுத்தம். கொஞ்ச நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிஞ்ச அண்ணைதான் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தவர். அந்த வீட்டில நாங்கள் கதைச்ச கதையும் பிடிச்ச சண்டையும்... சோறு கறி ஆறிப்போகும், கதை முடியாது.

இப்ப ரொறொன்ரோவுக்குத் தள்ளி ஸ்ரௌவ்வில் எண்ட ஊரில நாலு பெட்றூம் வீடு. பிள்ளையள் தங்கட பாட்டில போயிட்டுதுகள். கூரை பறக்கக் கத்தினாலும் கேக்க ஆளில்லை. ஆனால் இவர் பேஸ்மென்றில, நான் மேல. தேத்தண்ணி வேணுமெண்டால் கீழ இருந்து போன் அடிக்கிறார்.

கொட்டேஜால வந்த அண்டு பின்னேரமும் போன் வந்தது. தேத்தண்ணியோட இறங்கிப் போனால், ரீவியில ஜாகுவார். என்னை இருக்கச் சொன்னார். புல்லை விலக்கிக்கொண்டு, ஆறுதலா, முழு உடம்போட தண்ணிக்கு வருது. இந்த முறையாவது மனுசன் முழுசாப் பாக்கட்டும் எண்டு நான் மூச்சுக் காட்டேல்லை.

இவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைச்சார். ரீவியைப் பாக்கேல்லை, என்னைப் பாத்தார்.

"என்னப்பா, ஒண்டும் கதைக்காமல் இருக்கிறீர்?"